அடிபட்ட பறவைக்கு ஓர் அட்டைப்பெட்டி போதும்

பொங்கலன்று காலையில் தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது மும்பைதானா, நெல்லைச் சீமையா என்று ஐயம் வந்துவிடும். வாசலுக்கு வாசல் கோலம். வரிசையாகச் செங்கல் அடுப்புகள். பானை பொங்கும்போது பெண்கள் இடும் குலவை. கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு ஓடும் பிள்ளைகள். பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தும் தமிழன் தன் திருநாளை விட்டுவிடவில்லை என்பதற்கு அந்தத் தெரு ஒன்றே சாட்சி.

அதே நாளில் அதே தெருவுக்கு மேலே வேறொரு திருவிழா நடக்கிறது. மகர சங்கராந்தி அன்று மாடிக்கு மாடி, கூரைக்குக் கூரை பட்டம் பறக்கிறது. ஒரு பட்டத்தின் நூல் இன்னொன்றை அறுத்ததும் எழும் கூச்சல் அடுத்த தெரு வரை கேட்கிறது. அந்த நூல் பட்டத்தை மட்டும் அறுப்பதில்லை.

நடுப்பகலில் ஒரு தகரக் கூரை மீது ‘தடால்’ என்று ஏதோ விழுகிறது. பையன்கள் ஏறிப் பார்க்கிறார்கள்.

“ஆச்சி, கருடன் விழுந்து கெடக்கு!”

“கருடன் இல்லல, பிராந்து. தலையும் நெஞ்சும் வெள்ளையா இருந்தாத்தான் கருடன். என்னவா இருந்தா என்ன, நல்ல நாளும் அதுவுமா வீடு தேடி வந்த உயிரு. மொதல்ல தண்ணி குடுங்க.”

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அன்பினால் நடப்பதுதான். ஒருவர் அலகைப் பிளக்கிறார். ஒருவர் கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறார். சிறகில் சுற்றிய நூலை ஒருவர் வெடுக்கென்று இழுக்கிறார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக் காயத்தில் அப்புகிறார்கள். சர்க்கரைப் பொங்கல் ஊட்டிப் பார்க்கிறார்கள். அது தின்னாததால் பால் புகட்டுகிறார்கள். பறந்துபோய் மறுபடியும் அடிபடக் கூடாதே என்று காலில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போடுகிறார்கள். சால் முழுவதும் வந்து பார்க்கிறது, படம் எடுக்கிறது. இரண்டாம் நாள் விடியும்போது அந்தப் பருந்து விறைத்துக் கிடக்கிறது.

“பாவம், அதுக்கு ஆயுசு அம்புட்டுதான்” என்கிறார் ஆச்சி.

ஆயுள் அவ்வளவுதானா? இந்தக் கேள்வியைத்தான் மும்பைத் தமிழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தை பிறக்கும்போதெல்லாம் எத்தனையோ வீடுகளில் நடப்பது. பறவையைக் காயப்படுத்தியது மாஞ்சா. ஆனால் பல நேரங்களில் அதன் உயிரை எடுப்பது, காப்பாற்ற நினைத்தவர்களின் அறியாமை. சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

பேகனும் போர்வையும்

மயிலுக்குப் போர்வை தந்த பேகனைத் தமிழர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மயிலுக்கு உடம்பு முழுவதும் இறகு இருக்கிறது. போர்வை அதற்குத் தேவைப்படவில்லை. பேகன் கொடுத்தது தன் மனம் கேட்டதை; மயில் கேட்டதை அல்ல. இரக்கம் பெரிது. இரக்கத்தோடு அறிவும் சேர்ந்தால்தான் அது உதவியாகும்.

அடிபட்ட பறவை என்ன கேட்கிறது? முதலில் இருட்டு. அடுத்தது அமைதி. மூன்றாவதாகக் கொஞ்சம் கதகதப்பு. இவ்வளவுதான்.

காட்டுப் பறவைக்கு மனிதன் நண்பன் அல்ல. பெரிய விலங்கு ஒன்று தன்னைப் பிடித்துவிட்டது என்றுதான் அது நினைக்கும். தடவிக் கொடுத்தால் நாய்க்குட்டி சுகப்படும்; பருந்து நடுங்கும். பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கும்போது அதன் இதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. காயத்தைத் தாங்கிய பறவை அந்த அச்சத்தைத் தாங்காமல் செத்துப்போவது உண்டு. மூட மூடத்தான் அதற்கு ஆறுதல்.

ஆகவே செய்யவேண்டியது மிகச் சுலபம். ஒரு பழைய துண்டைத் தலையோடு மூடிப் போட வேண்டும். கண் மறைந்ததும் பறவை அடங்கிவிடும். பேகனின் போர்வை உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். பருந்தாக இருந்தால் அலகைவிடக் கால் நகங்களுக்குத்தான் பயப்பட வேண்டும். துணியோடு சேர்த்துச் சிறகுகளை உடம்போடு அணைத்தாற்போல் தூக்க வேண்டும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பறவைக்கு மனிதனைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கினால் கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

பிறகு ஓர் அட்டைப்பெட்டி. மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும். காற்றுக்குச் சில துளைகள் போட்டு, அடியில் துணி விரித்து, பறவையை வைத்து மூடிவிட வேண்டும். பூனையும் குழந்தையும் நெருங்காத மூலையில், தொலைக்காட்சிச் சத்தம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அப்படி ஒரு மூலை ஏது என்று கேட்கலாம். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அது போதும்.

ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது?

அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் வயிற்றுக்குப் போவதாக நினைக்கிறார்கள். அது நுரையீரலுக்குப் போய்விடுகிறது. தாகம் தணிப்பதாக எண்ணி மூழ்கடிக்கிறார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் பருந்துகள் மயங்கி விழுவது மும்பையில் வழக்கம். அப்போதும் நிழலில் பெட்டிக்குள் வைத்து, தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும். தெளிந்தால் தானே குடிக்கும்.

இரண்டாவது தவறு பால். பால் தாய்ப்பால் குடித்து வளரும் உயிர்களுக்கு உரியது. பறவைக்கு அதைச் செரிக்கத் தெரியாது. வயிற்றுப்போக்கில் இருக்கிற நீரும் போய்விடும். மூன்றாவது சோறும் ரொட்டியும். பருந்து மாமிசம் தின்பது. அடிபட்ட நிலையில் அதுகூட உடனே கொடுக்கக் கூடாது. சில மணி நேரம் பட்டினி கிடப்பதால் வளர்ந்த பறவை எதுவும் செத்துவிடாது.

நான்காவது எண்ணெய். மனிதப் புண்ணுக்கு இதமான எண்ணெய், இறகில் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும். குளிரையும் மழையையும் தடுக்கும் கவசம் போய்விடும். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்துவதே போதும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் கொடியது, நூலை இழுப்பது. சிறகின் முன்விளிம்பில், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மெல்லிய தோல்மடிப்பு ஒன்று இருக்கிறது. சிறகு விரிவதும் பறவை காற்றில் ஏறுவதும் அதனால்தான். மாஞ்சா பெரும்பாலும் அறுப்பது அந்த இடத்தைத்தான். சதைக்குள் புகுந்த நூலை இழுத்தால் அரைகுறையாக அறுந்த நரம்பு முழுவதும் அறுந்துவிடும். வெளியே தொங்கும் நூலை மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டு, உள்ளே இருப்பதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

எலும்பு முறிந்திருந்தால் அவசரம் இன்னும் அதிகம். பறவையின் எலும்பு மனித எலும்பைவிட விரைவாகக் கூடிவிடும். நல்லதுதானே என்று நினைக்கலாம். கோணலாகக் கூடிவிட்டால் பிறகு அதைச் சரிசெய்வது அரிது. “ரெண்டு நாள் பார்ப்போம்” என்று வீட்டிலேயே வைத்திருப்பது, பறக்க வேண்டிய பறவையை ஆயுள் முழுவதும் நொண்டியாக்குவதற்குச் சமம்.

எங்கே கொண்டு போவது?

மும்பையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வருகிறது. மும்பைக்காரர்கள் வாயில் அதற்குப் பெயர் ‘பைல் கோடா’ ஆஸ்பத்திரி. மாடு, குதிரை ஆஸ்பத்திரி என்று பொருள். பெயர்தான் அப்படியே தவிர, பறவைகளுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. சயானில் மெதுவண்டி ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். தொலைவில் இருப்பவர்கள் மராட்டிய வனத்துறையின் 1926 என்ற உதவி எண்ணைக் கூப்பிடலாம். இந்த எண்ணைப் பஞ்சாங்கக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது.

இரவில் பறவை கிடைத்தால் காலை வரை பெட்டியில் இருக்கட்டும். வீட்டுக்காரர்களின் வேலை அந்த ஓர் இரவோடு முடிந்துவிட வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் வளர்ப்பதையும் குற்றம் என்கிறது. சட்டத்தின் காவலில் உள்ள உயிர் ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அடிபட்ட பறவையை மருத்துவமனைக்குக் கொண்டு போகிறவரைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல. “போலீஸ் கேஸ் ஆகிவிடும்” என்று பயந்து தெருவில் விட்டுவிட வேண்டியதில்லை. ஆறிய பிறகும் கூண்டில் வைத்துக்கொள்கிறவர்தான் பயப்பட வேண்டும்.

சொந்தம் கொண்டாடும் அன்பு

பலருக்கு மனம் கேட்காத இடம் இதுதான். பத்து நாள் சோறு போட்ட பறவையைப் பிரிய முடிவதில்லை. கிளியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். “அதுக்கு என்ன குறை? வேளா வேளைக்குக் கொய்யாப்பழம் கொடுக்கிறோம்” என்பார்கள். ஊரை விட்டு வந்து, கம்பெனி அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். வேளா வேளைக்குச் சாப்பாடு கிடைப்பதும் ஊருக்குப் போவதும் ஒன்றல்ல.

இன்னொரு தவறும் உண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் மரத்தடியில் தத்தித் தத்தி நடக்கும் மைனாக் குஞ்சையும் காக்கைக் குஞ்சையும் அடிபட்டதாக எண்ணி எடுத்து வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அடிபட்டதே அல்ல. பறக்கப் பழகும் குஞ்சு சில நாள் தரையில் இருப்பது இயற்கை. தாய்ப் பறவை மேலே கிளையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். காயம் இல்லாவிட்டால் பூனைக்கு எட்டாத புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. அந்தக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவருவது, பெயர் என்னவானாலும், பிள்ளை பிடிப்பதுதான்.

இதற்கு நேர்மாறு கூகையின் கதி. பகலில் வழி தவறி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்த கூகையை அபசகுனம் என்று கல்லால் அடிக்கிறார்கள். சால்களின் எலிகளைத் தின்று உபகாரம் செய்யும் பறவை அது. கிளிக்குக் கூண்டு, கூகைக்குக் கல் என்றால், மனிதனின் இரக்கம் முகம் பார்த்து வருகிறது என்றுதான் பொருள்.

டில்லியில் நடந்த ஒன்று இங்கே நினைவுக்குரியது. செங்கோட்டைக்கு எதிரே சமணர்களின் அறநிலைய மருத்துவமனை ஒன்று பறவைகளுக்கென்றே இருக்கிறது. சைவப் பறவைகளைத்தான் அங்கே உள்ளே வைத்துப் பராமரிப்பார்கள். மாமிசம் தின்னும் பருந்துக்கு இடம் இல்லை. நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் தங்கள் கையில் கிடைத்த பருந்துகளுக்குப் போக்கிடம் இல்லாததைக் கண்டு, சோப்புக் கருவிகள் செய்யும் தங்கள் சிறிய பட்டறையிலேயே அவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்ற படம் 2022-இல் வெளிவந்தது; 2023-இல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம் பெற்றது. சிபிச் சக்கரவர்த்தியின் கதையிலும் இந்த நியாயம் இருக்கிறது. சிபி புறாவை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பருந்தை விரட்டிவிடவில்லை. பசித்து வந்த அதுவும் உயிர்தான் என்று தன் தசையை அரிந்து கொடுத்தான்.

கூலியை யார் கொடுப்பது?

“மனிதனுக்கே இடம் இல்லாத ஊரில் பருந்துக்கு ஆஸ்பத்திரியா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கிண்டல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தோல் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போகிறது. ஆபீஸ் குமாஸ்தா தாமதமாகப் போனால் மேலாளரிடம் பேச்சுக் கேட்க வேண்டும். பெட்டியோடு ஏறினால் டாக்சிக்காரர் முகம் சுளிக்கிறார்; உதவி எண்ணைக் கூப்பிட்டால் எப்போது ஆள் வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். பட்டம் விட்டு மகிழ்ந்தது ஒருவர். அடிபட்டதற்கு அரை நாள் கூலியை இழப்பது இன்னொருவர். இது நியாயமா?

நியாயம் இல்லைதான். அதற்காகப் பறவையைக் கைவிடுவதும் நியாயம் ஆகாது. சுமையைப் பகிர்ந்துகொள்வதே வழி. குஜராத் அரசு 2017 முதல் ஜனவரி 10 தொடங்கி 20 வரை ‘கருணா அபியான்’ என்ற இயக்கத்தை நடத்தி, அடிபட்ட பறவைகளைப் பெறுவதற்கு ஊர் ஊராக மையங்களை வைக்கிறது. மும்பை மாநகராட்சியும் அந்தப் பத்து நாட்களுக்கு வார்டு அலுவலகம் தோறும் ஒரு மையம் வைக்கக் கூடாதா? பறவையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாமே. ஓர் எண்ணை அறிவித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று அரசு இருந்துவிடக் கூடாது.

தமிழர் அமைப்புகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள், ஒலிபெருக்கி வைக்கிறார்கள். பந்தலின் ஓரத்தில் நாலு அட்டைப்பெட்டி, இரண்டு துண்டு, ஒரு கத்தரி, இரு சக்கர வண்டி உள்ள இரண்டு இளைஞர்கள். இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? தெருவில் எங்கே பறவை விழுந்தாலும் பந்தலுக்குக் கொண்டுவந்தால் பரேலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தனி ஆள் அரை நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

நூலை நிறுத்த வேண்டும்

இத்தனைக்கும் வேர் நூலில் இருக்கிறது. நைலான் போன்ற செயற்கை மாஞ்சாவுக்கு 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை போட்டது. தடை வந்த பிறகும் கடைகளில் அது மறைவாகக் கிடைக்கிறது. பருத்தி நூல் மழையில் மக்கிப்போகும், நைலான் மக்காது. பண்டிகை முடிந்து மாதக் கணக்கில் மரக்கிளையிலும் மின்கம்பியிலும் தொங்கிக்கொண்டு, வருகிற பறவைக்கெல்லாம் தூக்குக் கயிறாகிறது. பறவையோடு நிற்கிறதா? இரு சக்கர வண்டியில் போனவர்களின் கழுத்தையும் அறுத்திருக்கிறது.

பிள்ளைகள் பட்டம் விடட்டும். சாதாரண நூலில் விடட்டும். எந்த நூலை வாங்குகிறான் என்று தகப்பன் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பறவைகள் கூட்டை விட்டுப் புறப்பட்டுத் திரும்பும் வேளையில் பட்டம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுநாள், மாட்டுப் பொங்கலன்று, தெருப் பிள்ளைகளைக் கூட்டிக் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கும் நூலையெல்லாம் சேகரிக்கச் சொல்லலாம். மின்கம்பிப் பக்கம் மட்டும் போகக் கூடாது. மாடு இல்லாத ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பறவையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே கூடாது; மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும். 2006-இல் மராட்டிய மாநிலத்தின் நவாப்பூரில்தான் இந்நாட்டில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த பொங்கலுக்கும் தகரக் கூரையில் ஏதாவது ஒன்று விழத்தான் போகிறது. ஆச்சி அப்போதும் “வீடு தேடி வந்த உயிரு” என்பார். அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். அதில் பிழை இல்லை. கரண்டியைத் தேடி ஓடும் கை மட்டும், அட்டைப்பெட்டியைத் தேடி ஓடட்டும்.